ஏப்ரலில் கிடா விட்டும் சஃபோக் ஏன் சினை பிடிக்கவில்லை?

வாசகர் கேள்வி (சுருக்கம்):

"என்னிடம் 40 பெட்டைச் செம்மறிகள் இருக்கின்றன. பாதி சஃபோக், பாதி டார்செட். நாங்கள் இருப்பது வட அரைக்கோளம். கோடையில் பகல் 16 மணி நேரம், குளிர்காலத்தில் 8 மணி நேரம்தான். எல்லா ஆடுகளும் பிப்ரவரியில் குட்டி போட்டன. செப்டம்பர், அக்டோபரில் இன்னொரு ஈத்து எடுக்கலாம் என்று ஏப்ரல் கடைசியில் ஒரு டார்செட் கிடாவை நெஞ்சில் சாயம் கட்டி ஆறு வாரம் உள்ளே விட்டேன். ஜூலையில் ஸ்கேன் செய்தால் டார்செட்டில் 13 சினை, சஃபோக்கில் ஒன்றுகூட இல்லை. சஃபோக்கின் முதுகில் சாயமே ஒட்டவில்லை. அந்தக் கிடா வருஷம் முழுக்க அடுத்த பட்டியில்தான் நிற்கும். நரிக்குப் பயந்து கொட்டகையில் ராத்திரி முழுக்க விளக்கு எரியவிடுகிறேன். மருந்து விற்பவர் புரோஸ்டாகிளாண்டின் ஊசி போடச் சொல்கிறார். நண்பர் ஸ்பாஞ்ச் வைக்கச் சொல்கிறார். இன்னொருவர் மெலடோனின் என்கிறார். எதைப் போடுவது? அல்லது சஃபோக்கை எல்லாம் கழித்துவிடலாமா?"

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

ஆடுகளை விற்க வேண்டாம், ஊசியும் வாங்க வேண்டாம். நீங்கள் சாயம் கட்டி விட்டது மிக நல்ல காரியம், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பாதி பதில் அதிலேயே இருக்கிறது. கிடாவின் விந்தில் குறை இருந்திருந்தால் சஃபோக்கின் முதுகில் சாயம் விழுந்திருக்கும். 17 நாளுக்கு ஒருமுறை மறுபடி மறுபடி விழுந்திருக்கும், ஆனால் சினை நின்றிருக்காது. இங்கே சாயமே விழவில்லை. அதாவது, சஃபோக் ஆடுகள் பருவத்துக்கே வரவில்லை, கிடாவை நிற்கவிடவில்லை. அதே கிடா, அதே ஆறு வாரத்தில் 13 டார்செட்டைச் சினையாக்கியிருக்கிறது. ஆகவே கிடா சரி. சஃபோக்கும் சரி. பிப்ரவரியில் குட்டி போட்டவை அவை, ஐந்து மாதம் முன்பு, செப்டம்பரில், ஒழுங்காகச் சினை பிடித்தவைதானே. ஏப்ரல் என்பது அவற்றின் ஓய்வுகாலம். அவ்வளவுதான்.

ஏன் அப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இது புரிந்தால் எந்த மருந்து எந்த மாதத்தில் பலிக்கும், எது வீண் செலவு என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

செம்மறி ஆட்டுக்கு மாதத்தைச் சொல்வது இரவின் நீளம். கண்ணில் விழும் வெளிச்சத்தின் செய்தி மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைபோதலாமஸுக்குப் போய், அங்கிருந்து தண்டுவடம் வழியாகக் கழுத்திலுள்ள ஒரு நரம்பு முடிச்சு வரை இறங்கி, மறுபடி மேலே ஏறி பினியல் என்ற சின்னஞ்சிறு சுரப்பியை அடைகிறது. இருட்டு இருக்கும்வரை பினியல் மெலடோனினைச் சுரக்கிறது. வெளிச்சம் பட்டதும் நிறுத்திவிடுகிறது. டிசம்பர் இரவில் 16 மணி நேரம் சுரக்கும், ஜூன் இரவில் 8 மணி நேரம்தான் சுரக்கும். மூளை கவனிப்பது எவ்வளவு சுரந்தது என்பதைவிட எத்தனை மணி நேரம் சுரந்தது என்பதை. பினியலை எடுத்துவிட்டால் ஆட்டுக்குப் பகலின் நீளம் மாறுவது தெரியாமலே போய்விடும்.

இந்தச் செய்தியை முதலில் வாங்குவது பிட்யூட்டரி சுரப்பியின் காம்பை ஒட்டிய ஒரு மெல்லிய பகுதி. நீண்ட பகல் என்று தெரிந்ததும் அது தைராய்டைத் தூண்டும் ஹார்மோனை மூளையின் பக்கமாக அனுப்புகிறது. அதனால் ஹைபோதலாமஸுக்குள் தைராய்டு ஹார்மோன் வீரியமான வடிவத்துக்கு மாற்றப்படுகிறது. அதன் விளைவு, இனப்பெருக்கத்தை நடத்தும் கிஸ்பெப்டின் நரம்பணுக்களும் அவற்றின் கீழ் இயங்கி, பிட்யூட்டரியைத் தூண்டி இனப்பெருக்க ஹார்மோன்களைச் சுரக்கவைக்கும் ஜி.என்.ஆர்.எச். நரம்பணுக்களும் அடங்கிவிடுகின்றன. இதில் தைராய்டுக்கு எவ்வளவு பங்கு என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு: இனப்பெருக்க காலத்தில் தைராய்டை அகற்றிவிட்ட ஆடுகள், வசந்தம் வந்த பிறகும் ஓய்வுக்குப் போகாமல் பருவத்துக்கு வந்துகொண்டே இருந்தன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஃப்ரெட் கார்ஷும் அவருடைய கூட்டாளிகளும் 1970களில் செய்தது. பெட்டை ஆடுகளின் சினைப்பைகளை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஈஸ்ட்ரோஜனைச் சீராகக் கசியவிடும் சிறு குழாயைத் தோலுக்கடியில் வைத்தார்கள். வருஷம் முழுக்க உடம்பில் ஒரே அளவு ஈஸ்ட்ரோஜன். ஆனாலும் முட்டையை வெளியேற்றும் எல்.எச். ஹார்மோன் கோடையில் அடிமட்டத்தில் கிடந்தது. இலையுதிர்காலம் வந்ததும் எகிறியது. ஈஸ்ட்ரோஜன் மாறவில்லை, அதைக் கேட்கும் மூளைதான் மாறியிருந்தது. ஓய்வுகாலத்தில் துளி ஈஸ்ட்ரோஜன்கூட மூளைக்குப் பெரிய பிரேக். இனப்பெருக்க காலத்தில் அதே ஈஸ்ட்ரோஜன் ஏறினால் எல்.எச். அலையே கிளம்பி முட்டை வெளியேறும்.

ஏப்ரலில் உங்கள் சஃபோக்கின் உடம்புக்குள் நடந்ததும் இதுதான். சினைப்பையில் முட்டைக் குமிழ்கள் வளர்ந்துகொண்டுதான் இருந்திருக்கும். கொஞ்சம் வளர்ந்ததும் அவை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். உடனே மூளை எல்.எச். துடிப்பை அடக்கிவிடும், குமிழ் வாடிவிடும். பிறகு அடுத்த குமிழ், மறுபடி அதே கதை. இனப்பெருக்க காலத்தில் முட்டை முதிரும் நாட்களில் மணிக்கு ஒருமுறை வரும் எல்.எச். துடிப்பு, ஓய்வுகாலத்தில் பல மணி நேரத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. சினைப்பையில் கோளாறு ஒன்றும் இல்லை. ஓய்வுகால ஆட்டுக்கு வெளியிலிருந்து மணிக்கொருமுறை ஜி.என்.ஆர்.எச். செலுத்தினால் அது முட்டையிடும் என்பதும் செய்து பார்த்து நிரூபிக்கப்பட்டதுதான்.

"பகல் குறைவதால் ஆடு பருவத்துக்கு வருகிறது" என்று பொதுவாகச் சொல்கிறோம். அது முழு உண்மை அல்ல. வசந்தத்திலும் கோடையிலும் நீண்ட பகலைப் பார்த்துப் பார்த்து, ஒரு கட்டத்தில் மூளை அதற்கு மசிவதை நிறுத்திவிடுகிறது. பருவம் தொடங்குவதில் அதற்குப் பெரிய பங்கு. அதேபோல நீண்ட இரவும் சலித்துப்போய்தான் குளிர்காலக் கடைசியில் பருவம் முடிகிறது. பகலின் நீளத்தை மாற்றாமல் வைத்தாலும், ஏறக்குறைய வருஷத்துக்கு ஒருமுறை இந்தச் சுழற்சி தானாகவே நடக்கிறது. வெளிச்சம் அந்த உள் சுழற்சியை நாட்காட்டியோடு பொருத்தி வைக்கிறது. இதை வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம், ஏப்ரலில் கொட்டகையை இருட்டாக்கினால் அடுத்த வாரமே ஆடு பருவத்துக்கு வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. வார, மாதக் கணக்கில்தான் மாற்றம் நடக்கும்.

இங்கிலாந்தின் எஃப்.எச்.ஏ. மார்ஷல், பூமத்திய ரேகையைத் தாண்டிக் கொண்டுபோன ஆடுகள் புதிய இடத்தின் பருவத்துக்கு மாறிக்கொள்வதை 1937இல் எழுதினார். 1949இல் யேட்ஸ், கேம்பிரிட்ஜில் விளக்கு வெளிச்சத்தைக் கொண்டே ஆடுகளின் பருவத்தை மாற்றிக் காட்டினார். ஆகவே இது மாற்ற முடியாத ஒன்று அல்ல. ஆனால் மாற்றுவதற்கு அதற்குரிய காலம் கொடுக்க வேண்டும்.

அந்த ராத்திரி விளக்குக்கு இப்போது வருகிறேன். ஆட்டின் கண்ணில் நேராக விழும் அளவுக்கு அது பிரகாசமாக எரிந்தால், பினியலைப் பொறுத்தவரை ராத்திரியே வரவில்லை என்று ஆகிவிடும். வசந்த, கோடை மாதங்களில் இது பெரிய வித்தியாசம் செய்யாது. அப்போது எப்படியும் ஓய்வுகாலம்தான். ஆனால் ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை ஆடுகள் அந்த விளக்கின் கீழேயே படுத்தால் அவற்றுக்கு இரவு நீள்வதே தெரியாது, பருவம் ஒழுங்கு தவறும். நரிக்கு வேலியைப் பலப்படுத்துங்கள். வெளிச்சம் வேண்டும்தான் என்றால் கொட்டகைக்கு வெளியே, ஆள் நடமாட்டம் பட்டால் மட்டும் எரியும் விளக்கை மாட்டுங்கள்.

அடுத்தது இனம். சஃபோக், செவியட், ஸ்காட்டிஷ் பிளாக்ஃபேஸ், டெக்செல் போன்றவை பருவத்தைக் கறாராகக் கடைப்பிடிப்பவை. அவை ஏறத்தாழ செப்டம்பரில் தொடங்கி பிப்ரவரிக்குள் முடித்துக்கொள்ளும். வளர்ப்புக்கு வரும் முன் காட்டில் குட்டியைக் காப்பாற்ற உதவிய குணம் இது. சுமார் 147 நாள் சினை. இலையுதிர்காலத்தில் சினை பிடித்தால் புல் துளிர்க்கும்போது குட்டி பிறக்கும். ஸ்காட்லாந்தை ஒட்டிய செயின்ட் கில்டா தீவுகளின் சோயே ஆடுகளும், வளர்ப்புச் செம்மறியின் காட்டு உறவான மூஃப்ளானும் இன்னும் அப்படியே இருக்கின்றன. இன்னொரு பக்கம் டார்செட், மெரினோ, ரம்பூயே போன்றவற்றுக்குப் பருவம் நீளம். ஓய்வு குறைவு, ஓய்வின் ஆழமும் குறைவு. பூமத்திய ரேகையை ஒட்டிய நாடுகளின் இனங்களும், பார்படோஸ் பிளாக்பெல்லி போன்ற கம்பளி இல்லாத ஆடுகளும் ஏறக்குறைய வருஷம் முழுக்கப் பருவத்துக்கு வரும். அங்கே பகலின் நீளம் அதிகம் மாறுவதில்லை. மழையும் தீவனமும்தான் காலத்தைத் தீர்மானிக்கின்றன.

இதற்கு ஒரே ஒரு மரபணு காரணம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். மெலடோனின் ஏற்பி மரபணுவின் சில வடிவங்களுக்கும் பருவம் தவறிச் சினை பிடிப்பதற்கும் சில இனங்களில் தொடர்பு தெரிந்திருக்கிறது. ஆனால் எல்லா இனத்திலும் அது அப்படியே பொருந்தவில்லை. அந்தப் பரிசோதனையை மட்டும் நம்பிக் கிடா வாங்க நான் சொல்ல மாட்டேன்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். "நிறையக் குட்டி போடும் இனம்" வேறு, "எந்த மாதமும் குட்டி போடும் இனம்" வேறு. புரூலா மெரினோ ஒரே ஈத்தில் மூன்று நான்கு குட்டி போடக் காரணமான மாற்றம் பி.எம்.பி.ஆர். 1பி என்ற மரபணுவில் இருக்கிறது என்று 2001இல் கண்டுபிடித்தார்கள். வங்காளத்தின் கரோல் ஆட்டிலும் அதே மாற்றம்தான். அது ஒரு பருவத்தில் எத்தனை முட்டை வெளியேறும் என்பதைக் கூட்டுகிறது. பருவம் எந்த மாதத்தில் வரும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பணம் போட்டு ஏமாந்தவர்கள் உண்டு.

சரி, மருந்து இல்லாமல் செய்யக்கூடியது என்ன? கிடாவே ஒரு மருந்துதான். கிடாவின் கம்பளியிலும் தோலிலும் உள்ள வாசனை, அதன் நடமாட்டம், சத்தம் எல்லாம் சேர்ந்து ஓய்விலிருக்கும் பெட்டையின் மூளையை எழுப்பும். புதுக் கிடாவை உள்ளே விட்ட சில நிமிடங்களிலேயே எல்.எச். துடிப்பு வேகமெடுக்கிறது, இரண்டு மூன்று நாளில் முட்டை வெளியேறுகிறது. ஆனால் இந்த முதல் முட்டை ஊமை முட்டை. பருவ அறிகுறி வெளியே தெரியாது, ஆடு கிடாவை நிற்கவிடாது. பருவக் குறி வெளிப்பட, அதற்கு முன் சில நாள் மூளை புரோஜெஸ்டிரோனை (முட்டை வெளியேறிய பின் சினைப்பை சுரக்கும் ஹார்மோன்) பார்த்திருக்க வேண்டும். சில ஆடுகளில் முதல் சுழற்சி ஆறே நாளில் உடைந்து, இரண்டாவது முட்டையும் ஊமையாகவே போகும். அதனால் சாயம் விழுவது இரண்டு கூட்டமாக வரும்: கிடா விட்ட 17 முதல் 20 நாளில் ஒரு கூட்டம், 23 முதல் 26 நாளில் இன்னொரு கூட்டம். பத்து நாள் பார்த்துவிட்டு "ஒன்றும் நடக்கவில்லை" என்று கிடாவை வெளியே எடுத்துவிடுகிறவர்கள், நடக்கப்போவதற்கு ஒரு வாரம் முன்பு நிறுத்திவிடுகிறார்கள்.

உங்கள் பண்ணையில் இது வேலை செய்யாததற்கு இரண்டு காரணம். ஒன்று, கிடா வருஷம் முழுக்க அடுத்த பட்டியில். அதன் வாசனை உங்கள் ஆடுகளுக்குப் பழகிப்போன ஒன்று. குறைந்தது ஒரு மாதம் கண்ணுக்கும் காதுக்கும் மூக்குக்கும் எட்டாத தூரத்தில் கிடா இருக்க வேண்டும். அல்லது அவை இதுவரை பார்த்திராத வேறு கிடாவைக் கொண்டுவர வேண்டும். இரண்டு, ஏப்ரல், மே மாதத்தில் சஃபோக் இருப்பது ஓய்வின் ஆழத்தில். இந்த உத்தி நன்றாகப் பலிப்பது இயற்கைப் பருவம் தொடங்குவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பு. ஓய்வு ஆழமில்லாத டார்செட்டுக்கு ஏப்ரலில்கூடப் பலிக்கலாம். கிடாவைத் தூரத்தில் வைத்திருந்தால் உங்கள் 13 இன்னும் கூடியிருக்கும் என்றே நினைக்கிறேன். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருந்ததும் ஒரு தடை; பால் கொடுக்கும் ஆடு பருவத்துக்குத் திரும்பத் தாமதமாகும்.

மருந்துகளைப் பார்ப்போம்.

புரோஸ்டாகிளாண்டின் உங்கள் சஃபோக்குக்கு ஒரு பயனும் தராது. முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியம் என்ற மஞ்சள் திரளைக் கரைத்து, அடுத்த பருவத்தைச் சீக்கிரம் வரவைப்பதுதான் அதன் வேலை. ஓய்விலிருக்கும் ஆட்டில் அந்தத் திரளே கிடையாது. இல்லாததை எப்படிக் கரைப்பது? பருவத்துக்கு வந்துகொண்டிருக்கும் மந்தையை ஒரே நாளில் சேர்த்துக்கொள்வதற்கு மட்டும் அது நல்லது. உங்கள் விஷயத்தில் ஆபத்தும் உண்டு. சுமார் 50 நாள் வரை செம்மறியின் சினை அந்தத் திரளை நம்பித்தான் நிற்கிறது. ஸ்கேனில் தவறிப்போன இளஞ்சினை ஏதாவது இருந்து, அதற்கு ஊசி விழுந்தால் கலைந்துவிடும். விற்பவர் என்ன சொன்னாலும் டார்செட் பக்கம் அந்த ஊசியைக் கொண்டுபோகாதீர்கள்.

ஸ்பாஞ்ச் அப்படி அல்ல. ஓய்வுகாலத்திலும் வேலை செய்யும். சிட்னி பல்கலைக்கழகத்தின் டி.ஜே. ராபின்சன் 1960களில் கொண்டுவந்த முறை இது. புரோஜெஸ்டிரோனைப் போன்ற மருந்து ஊறிய பஞ்சை 12 முதல் 14 நாள் பிறப்புறுப்புக்குள் வைத்து எடுக்கிறோம். மூளைக்கு வேண்டிய புரோஜெஸ்டிரோன் பயிற்சி அதில் கிடைத்துவிடும். ஆனால் ஓய்வுகாலத்தில் பஞ்சு மட்டும் போதாது. எடுக்கும் நேரத்தில் சினைக் குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கும் பி.எம்.எஸ்.ஜி. ஊசியும் போட வேண்டும். அதுதான் குமிழை வளர்க்கிறது. வழக்கமான அளவு 300 முதல் 600 யூனிட். இனத்தையும் காலத்தையும் பார்த்து உங்கள் மருத்துவர் தீர்மானிக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் ஆடு பருவத்துக்கு வந்துவிடும்.

இதில் நான் கவலைப்படும் விஷயங்கள் சில. அளவு கூடினால் மூன்று, நான்கு குட்டி; தாய்க்குப் பால் போதாது, குட்டிகள் நோஞ்சானாகப் பிறக்கும். வருஷா வருஷம் அதே ஆட்டுக்குப் போட்டால் உடம்பில் எதிர்ப்புப் பொருள் உருவாகி மருந்து பலிக்காமல் போகலாம். சினை நிற்காத ஆடு ஓய்வுகாலத்தில் பெரும்பாலும் மறுபடி பருவத்துக்கு வராது, அப்படியே ஓய்வுக்குத் திரும்பிவிடும். எல்லா ஆடும் ஒரே இரண்டு நாளில் வருவதால் பத்து ஆட்டுக்கு ஒரு கிடாவாவது வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் வசந்தத்தில் சினை பிடிக்கும் விகிதம் இலையுதிர்காலத்தைவிடக் குறைவாகவே இருக்கும். செலவுக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

ஸ்பாஞ்ச் வைக்கும் கையைப் பற்றி ஒரு வார்த்தை. கையுறை இல்லாமல் தொடக்கூடாது. கர்ப்பிணிகள் அந்தப் பஞ்சையும் தொடக்கூடாது, புரோஸ்டாகிளாண்டினையும் தொடக்கூடாது. ஆஸ்துமா உள்ளவர்களும் புரோஸ்டாகிளாண்டின் பக்கம் போகக்கூடாது, தோல் வழியாகவே உள்ளே இறங்கும். வைக்கும் குழாயை ஒவ்வொரு ஆட்டுக்கும் கிருமிநாசினியில் முக்கி எடுங்கள். இன்னும் கிடா சேராத இளம் பெட்டைக்கு வைக்க வேண்டாம், காயமாகும். எடுக்கும்போது நூலைக் கீழ்நோக்கி மெதுவாக, விடாமல் இழுங்கள். கூடவே கலங்கலாக நாற்றமடிக்கும் நீர் கொட்டும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது வழக்கம்தான்.

மெலடோனின் மூன்றாவது. ஆடுகளுக்கு இதைக் காதின் அடியில் தோலுக்குக் கீழே வைக்கும் சிறு குச்சியாகப் போடுகிறோம்; ஒன்றில் 18 மில்லிகிராம். அது இரவும் பகலும் கசிந்துகொண்டே இருப்பதால் மூளை அதை நீண்ட இரவு என்று எடுத்துக்கொள்கிறது. இதுதான் மூன்றிலும் ஆட்டின் இயல்போடு ஒத்துப்போவது என்பது என் கருத்து. ஆனால் இது பருவத்தை முன்னால் இழுக்குமே தவிர, ஆழ்ந்த ஓய்விலிருக்கும் சஃபோக்கை ஏப்ரலில் எழுப்பிவிடாது. முன்பே சொன்னேனே, நீண்ட பகலைப் போதுமான அளவு பார்த்த பிறகுதான் மூளை நீண்ட இரவுக்கு அசையும். சஃபோக்குக்கு மே நடுவிலிருந்து ஜூன் கடைசிக்குள் வைத்து, 30 முதல் 40 நாள் கழித்துக் கிடா விடுவதுதான் முறை. வைப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே கிடா கண்ணில் படாமல், வாசனை எட்டாமல் இருக்க வேண்டும். இந்த வருஷத்துக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. எல்லா நாட்டிலும் இதற்கு அனுமதி இல்லை. அதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மனிதர்கள் தூக்கத்துக்குச் சாப்பிடும் மாத்திரையை ஆட்டுக்குக் கொடுத்துப் பார்க்காதீர்கள். சில மணி நேரத்தில் உடம்பை விட்டு வெளியேறிவிடும்.

உண்மையிலேயே ஏப்ரலில் சினை வேண்டும் என்பவர்களுக்கு வெளிச்ச முறை இருக்கிறது. பிரான்சின் நூசிலி ஆராய்ச்சி மையத்தில் ஆடுகளிலும் வெள்ளாடுகளிலும் இதை நிறையச் செய்து பார்த்திருக்கிறார்கள். டிசம்பர் தொடக்கத்திலிருந்து இரண்டு மாதத்துக்கும் மேலாக, நாளுக்கு 16 மணி நேரம் வெளிச்சம், ஆட்டின் கண் மட்டத்தில் சுமார் 200 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு). விடிந்து 16 மணி நேரம் கழித்து ஒரே ஒரு மணி நேரம் விளக்கு எரிந்தால்கூட மூளை அதை நீண்ட பகல் என்றே எண்ணிவிடும், மின்செலவு மிச்சம். பிப்ரவரியில் விளக்கை நிறுத்தினால், அந்தச் சிறு பகல் ஆட்டுக்கு இலையுதிர்காலம் போலத் தெரியும். தேவைப்பட்டால் அப்போது மெலடோனின் குச்சியையும் வைக்கலாம். ஏப்ரலில் கிடா. கிடாவுக்கும் அதே வெளிச்சம் கொடுங்கள். ஆனால் பிப்ரவரியில் குட்டி போடும் ஆட்டுக்கு இது பொருந்தாது. ஏப்ரலில் அது குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்.

கிடாவுக்கும் பருவம் உண்டு, பெட்டை அளவுக்குக் கடுமையாக இல்லை. வசந்தத்தில் விரை சுருங்கும், ஆர்வம் குறையும். விந்தணு உருவாகி வெளிவர சுமார் இரண்டு மாதம் ஆகும் என்பதால், ஜூலையில் அடித்த காய்ச்சலோ கடும் வெயிலோ செப்டம்பரில்தான் தெரியும். வசந்தத்தில் 40 ஆட்டுக்கு ஒரு கிடா என்பது அதிகச் சுமை, இரண்டாவது விட்டிருக்கலாம்.

தீவனத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, அதனால் சுருக்கமாக. கிடா விடும்போது ஆட்டின் உடல்நிலை மதிப்பெண் (1 மெலிவு, 5 கொழுப்பு) 3இலிருந்து 3.5க்குள் இருக்கட்டும். இடுப்பில் கை வைத்தால் எலும்பு முனை தட்டுப்பட வேண்டும், குத்தக்கூடாது. சிவப்பு குளோவர் நிறைந்த மேய்ச்சலில் ஈஸ்ட்ரோஜன் போன்ற பொருட்கள் உண்டு. 1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒருவகைக் குளோவரை மேய்ந்த மந்தைகள் மலடாகிப்போனது ஆவணமாகியிருக்கிறது. ஆகவே கிடா விடும் வாரங்களில் அந்த வயலைத் தவிர்த்துவிடுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், சஃபோக்கிடம் வருஷத்துக்கு ஒரு ஈத்து மட்டும் கேட்பேன். கிடாவை இன்றே தூரப் பட்டிக்கு மாற்றுவேன். ஆகஸ்ட் கடைசியில், விந்துக்குழாய் அறுத்த ஒரு கிடாவை இரண்டு வாரம் சஃபோக்கோடு விடுவேன். ஊமை முட்டை அந்தக் காலத்தில் கழிந்துவிடும். அப்புறம் அதை எடுத்துவிட்டு, செப்டம்பர் நடுவில் சினைப்படுத்தும் கிடா. பெரும்பாலான ஆடுகள் முதல் மூன்று வாரத்துக்குள் சினை பிடிக்கும். பிப்ரவரியில் குட்டிகள் கூட்டமாகப் பிறக்கும். அறுவை செய்த கிடாவின் குழாயில் விந்தணு தங்கியிருக்கும் என்பதால், அறுவைக்கும் மந்தையில் விடுவதற்கும் ஆறு வாரமாவது இடைவெளி வேண்டும். அப்படி ஒன்று கையில் இல்லையென்றால் இந்த வருஷம் புதுக் கிடா ஒன்றே போதும். டிசம்பர் கடைசியில் சஃபோக் குட்டி வேண்டும் என்றால் அடுத்த ஜூனில் மெலடோனின்.

பருவம் தவறிய ஈத்துக்கு டார்செட்டை வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மூன்று வருஷத்தில் ஐந்து ஈத்து எடுக்கும் முறையை டார்செட் மந்தையில்தான் நடத்தினார்கள். வருஷத்தை 73 நாள் கொண்ட ஐந்து பகுதியாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதி சேர்ந்தால் 146 நாள், ஒரு சினைக்காலம். உங்களுக்கு அவ்வளவு வேகம் வேண்டாம், 40 ஆட்டை ஒரு ஆள் பார்த்துக்கொள்ளும் பண்ணையில் எட்டு மாதத்துக்கு ஒரு ஈத்து போதும். வசந்தத்தில் சினை பிடிக்கும் குணம் பரம்பரையில் மெதுவாகத்தான் இறங்குகிறது, ஆனால் இறங்குகிறது. டார்செட், ரம்பூயே, ஃபின் இனங்கள் கலந்த மந்தையில் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் டேவிட் நாட்டர் தொடர்ந்து தேர்வு செய்து அதைக் காட்டியிருக்கிறார். ஆகவே அந்த 13 டார்செட்டின் காது எண்ணையும் இன்றே நோட்டில் எழுதுங்கள். செப்டம்பர், அக்டோபரில் அவை போடும் பெட்டைக் குட்டிகளை விற்காமல் வைத்திருந்து, ஒன்றரை வயதாகும் ஏப்ரலில் அவற்றோடு புதுக் கிடாவை விட்டுப் பாருங்கள். அந்த மாதத்தில் சினை பிடிப்பவற்றின் மகன்களிலிருந்து உங்கள் அடுத்த கிடாவைத் தேர்ந்தெடுங்கள்.